மேடை ஏறாத வீரர்

"மேல வாங்க சார், மெடல் போடணும்."

"இருக்கட்டும் சார். நான் இங்கயே நிக்கிறேன்."

குளத்தின் ஓரத்தில் குனிந்து நின்ற நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீரில் தொங்கும் வலைகளுக்கு அடியில் புகுந்து புகுந்து இருநூறு மீட்டர் நீந்த வேண்டிய உயிர்காப்புப் போட்டி அது. தீயணைப்பு வண்டி ஓட்டும் இந்த மனிதர் ஐந்து வருடமாகக் கடைசியில்தான் வந்துகொண்டிருந்தார். இன்று என்னவோ இரண்டாவது சுற்றில் பேய் துரத்தியதுபோல் வேகமெடுத்து முதலாவதாக வந்துவிட்டார். வந்தவர், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறார்.

பார்வையாளர் வரிசையில் அவர் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சங்கூடத் தலைக்கனம் இல்லீங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வீட்லயும் அப்படித்தான். இருக்கிற எடமே தெரியாது."

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். "ஜெயிச்சதும் ஆட்டம் போடறவங்களப் பாத்திருக்கேன். மேடையே வேண்டாங்கறவர இன்னைக்குத்தான் பாக்கறேன். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன்."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இரண்டாவதாக வந்த இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். "அண்ணனே தண்ணியில நிக்கறப்ப எனக்கென்ன மேடை? நானும் குதிக்கிறேன்."

"வேண்டாம் தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். கிட்ட வராத," என்று அலறினார் வீரர்.

அதற்கும் கைதட்டினார்கள்.

"நாலு பேர் எறங்கித் தோள்ல தூக்குங்கப்பா. போட்டோ பிரமாதமா வரும்," என்றார் புகைப்படக்காரர்.

வீரரின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்த மனைவி எழுந்தாள். படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து குனிந்தாள்.

"என்னங்க, கால் பிடிச்சுக்கிச்சா? அஞ்சு வருஷமா இந்த மெடலுக்குத்தானே ஏங்கினீங்க?"

"மெடல நீயே மாட்டிக்க. முதல்ல ஒரு டவலக் கொண்டா," என்று பல்லைக் கடித்தார் அவர். "ரெண்டாவது சுத்துல வலையில மாட்டி டிராயர் உருவிக்கிச்சு. பின்னால வர்றவங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் அந்த வேகத்துல வந்தேன்."