கல்லில் உட்கார்ந்தவன்

"வருவது யார்?"

அவன் கேட்டுவிட்டான். உட்கார்ந்திருந்த கல் குளிர்ந்து கிடந்தது.

"நாட்டுக்குப் புதுப் பிரபு!" ஜனங்கள் கத்தினார்கள்.

நாட்டை ஆளும் ஜெர்மன் பிரபு ஒருவன் செத்தால் அடுத்தவன் குடியானவன் சட்டை போட்டுக்கொண்டு, காளை ஒரு கையில், குதிரை ஒரு கையில், இந்தக் கல்லுக்கு நடந்து வர வேண்டும். கல்லில் ஒரு குடியானவன் இருப்பான். மூன்று கேள்வி கேட்பான். எழுந்து இடம் விட்டால்தான் வந்தவன் பிரபு.

கல்லில் உட்காரும் உரிமை இவன் குடும்பத்துக்கு. எழுத்துத் தெரியாத குடும்பம்.

"நியாயம் பார்ப்பவனா?"

"பார்ப்பான்! பார்ப்பான்!"

போன பிரபுவுக்கும் இப்படித்தான் கத்தினார்கள். அன்றைக்குக் கேட்டது அவன் அப்பா.

மகன் உர்பன் கோட்டையில் அடைபட்டிருந்தான். பிரபுவின் காட்டில் ஒரு மானை அடித்தான், அவ்வளவுதான். தூக்குக்கு உத்தரவு போடப் பிரபு இல்லை என்று நிறுத்திவைத்திருந்தார்கள்.

அவன் எழாத வரை பிரபு இல்லை.

பிரபு இல்லாத வரை தூக்கில் போடவும் ஆளில்லை. விடுதலை பண்ணவும் ஆளில்லை.

கோட்டை அதிகாரி ரைன்பெர்ட் காதோரம் குனிந்தான். "எழுந்திரு கிழவா. சாயங்காலம் உன் பையன் வீட்டில் இருப்பான். பிரபு வாக்கு."

"இன்னும் பிரபு ஆகலையே."

ஒரு கேள்விதான் பாக்கி. இழுத்து இழுத்துக் கேட்டான்.

"எதைக் கொடுத்து என்னை எழுப்புவான்?"

"இந்தக் குதிரை! இந்தக் காளை!"

காளை அவன் கையை நக்கியது. புள்ளிக் காளை. மகனைப் பிடித்த அன்று அவன் தொழுவத்திலிருந்தே கோட்டை ஆட்கள் அவிழ்த்துக்கொண்டு போனது.

"காளைக்கு ஆளைத் தெரியுதுடா!" கூட்டத்தில் எவனோ. ஒரே சிரிப்பு.

பாதி எழுந்தான். வேறென்ன செய்வான்.

கல்லில் இருப்பவன், வந்தவனின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இடம் விட வேண்டும். வலிக்கக் கூடாது. நியாயமாய் இரு என்று அர்த்தமாம்.

தட்டினான்.

கையை எடுக்கவில்லை.

மாடு வாங்கப் போனால் தாடையைத் தொட்டுப் பார்க்கிறவன் அவன். விற்கிறவன் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை.

வந்தவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். சிரிப்புக்கு அடியில் பல்லைக் கடிப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அவன் திரும்ப உட்கார்ந்தான்.

ரைன்பெர்டின் கை வாளுக்குப் போனது.

இப்போது கல் சூடேறியிருந்தது.

அவன் தொண்டையைச் செருமினான்.

"வருவது யார்?"