வாசம் மட்டும் போதும்

ஒரு வெள்ளைக் காரின் அடிவயிற்றில் பெட்ரோல் டேங்க்கும் அதை ஒட்டி ஒரு கரிப்பெட்டியும் குடியிருந்தன. டேங்க்கிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் கரிப்பெட்டியின் வேலை. "எனக்கு வாசம் மட்டும் போதும் அண்ணே. பெட்ரோலே உள்ளே வந்தா செத்தேன்" என்று வந்த அன்றைக்கே அது சொல்லிவிட்டது.

டேங்க் அதை மறக்கவில்லை. ஆனால் யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத பிறவி அது.

அன்று பங்க்கில் பெட்ரோல் குழாய் 'டக்' என்று நின்றது. "நிறைஞ்சாச்சு, போதும்" என்றது.

காரின் சொந்தக்காரர் ஞானதிரவியம் காரைப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்கினார். "இன்னும் கொஞ்சம் இறங்கும், போடுப்பா."

மறுபடியும் டக். மறுபடியும் குலுக்கல்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீயாவது சொல்லேன்" என்றது குழாய்.

"ஆசையாக் கொடுக்கிறார். முகத்துக்கு நேரா எப்படி வேண்டாம்கிறது?" என்றது டேங்க்.

"அண்ணே... அண்ணே..." என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் கார் இருமி இருமி நின்றது. மெக்கானிக் கரிப்பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். பெட்ரோல் கொட்டியது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினார்.

"எனக்கு வாசம் மட்டும் போதும் அண்ணே" என்றது புதுப்பெட்டி.

"தெரியும் தம்பி. உனக்கு முன்னாடி இருந்தவனும் இதையேதான் சொன்னான்" என்ற டேங்க்கின் குரல் தழுதழுத்தது. "தங்கமான பிள்ளை."

"இந்த ரிப்பேர்ல பெட்ரோல் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்" என்றபடி ஞானதிரவியம் காரை எதிரே இருந்த பங்க்குக்குள் திருப்பினார்.