ஜேன் துடைத்த ஃபிலிம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதி இல்லை.

சுதந்திரம் வந்தபின் மகாராஜா ராஜப்பிரமுகராக இருந்த காலம். மைசூரில் பர்னபாஸ் என்று ஓர் ஆபீஸ் குமாஸ்தா. கேமரா என்றால் பைத்தியம். தன்னைப் போல நாலு பேரைச் சேர்த்து ஒரு சங்கமே வைத்திருந்தார். ஒரு லீவு நாளில், குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு பெண்ணை நிற்க வைத்து எல்லோரும் படம் பிடிப்பது என்று ஏற்பாடு.

பெண் பேர் சொர்ணலதா. நர்ஸுக்குப் படிக்கிறவள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு ரொம்பக் கண்டிப்பு. ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், மோதிரம் திரும்பி வந்துவிடும்.

அவள் அம்மா முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். பர்னபாஸின் மனைவி ஜேன்தான் நேரில் போய்க் கேட்டாள்.

"நான் பக்கத்திலேயே இருக்கேன் அக்கா. ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேளுங்க."

அந்த வாக்கை நம்பித்தான் அனுப்பினார்கள்.

ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆகணும். பர்னபாஸ் விசில் ஊதினால்தான் படம் எடுக்கலாம். ஒருத்தர் முறை முடிந்தபின்தான் அடுத்தவர். பெண்ணைத் தொட்டு நிறுத்தக் கூடாது. சேலை மாற்ற மரத்தடியில் பெட்ஷீட் கட்டிய மறைப்பு, அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாம் பர்னபாஸ் போட்ட சட்டம்.

தேவராஜ மொஹல்லாவில் ஸ்டூடியோ வைத்திருந்த தேவநேசன் அசந்துபோனார்.

"கோயில் ஆராதனையில்கூட இவ்வளவு ஒழுங்கு பார்த்ததில்லை, பர்னபாஸ்!"

வேலை முடிந்ததும் கேமராக்களை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லோரும் அந்தப் பக்கம் பிஸிபேளே பாத் சாப்பிடப் போனார்கள். மேஜைக்குக் காவல் ஜேன்.

கை கழுவிவிட்டுத் திரும்பினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அத்தனை கேமராவும் வாயைப் பிளந்து கிடந்தன. உள்ளே இருந்த ஃபிலிமெல்லாம் உச்சி வெயிலில் நீள நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜேன் முந்தானையால் அதில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ ராமா! என்னம்மா பண்றே?" என்று அலறினார் சங்கத் தலைவர், வக்கீல் நரசிம்மமூர்த்தி.

"தூசியா இருந்தது சார். துடைச்சு வெச்சேன்."

"வெயில் பட்டா ஃபிலிம் போச்சும்மா! ஒரு படம் மிஞ்சாது!"

"அப்படியா? எனக்கென்ன சார் தெரியும்?"

பொம்பளைக்குத் தெரியாது என்றால் நம்புவதற்கு யாருக்கும் கஷ்டமில்லையே. "நல்லவேளை, சோப்புப் போட்டுத் துவைக்கல்லே" என்றார் ஒருத்தர். யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரையும்விடப் பர்னபாஸ்தான் அதிகமாகக் குதித்தார். "அறிவு கெட்டவளே! அடுப்பங்கரையில கிடக்கிறவளை இங்கே கூட்டி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

ஜேன் தலையைக் குனிந்துகொண்டாள்.

சொர்ணலதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இவ்வளவு பேர் பாடும் வீணாப் போச்சே அக்கா. நான் வேணா இன்னொரு நாள் வரட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. நீ போய் ஜட்கா வண்டியில உட்காரு. நானும் வந்து உன்னை வீட்டில விடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தராகத் தங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தேவநேசனும் தன்னுடையதை எடுத்தார். எடுத்தவர் நின்றார்.

தூசி துடைத்தாளாம். கேமராவின் மேல் தோலில் ஏரிக்கரைச் செம்மண் தூசி அப்பியது அப்பியபடி இருந்தது. ஃபிலிம் மட்டும்தான் துடைக்கப்பட்டிருந்தது.

"தங்கச்சி," என்றார் மெதுவாக. "நீ தெரியாமச் செய்யலை."

ஜேன் ஜட்காப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பிள்ளை சேலை மாத்தும்போது காத்துல பெட்ஷீட் தூக்கிடுச்சு அண்ணா. வெளியே ஒருத்தர் நின்னார். முகம் ஏரியைப் பார்த்துக்கிட்டிருந்தது. கையில இருந்த கேமராப் பெட்டி எங்களைப் பார்த்துக்கிட்டிருந்தது. கிளிக்னு சத்தம் கேட்டுது."

தேவநேசன் தன் கேமராவைத் தோள்பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பவே கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்தினா, 'நான் எடுக்கவேயில்லை'ம்பாங்க. நிரூபிக்கணும்னா ஃபிலிமைக் கழுவணும். கழுவினா அவளை எத்தனை பேர் பார்ப்பாங்க? ஒருத்தர் கேமராவை மட்டும் திறந்தா ஏன்னு கேள்வி வரும். ஊர் முழுக்க வரும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணா. தெரியவும் வேண்டாம்."

"யாரு அந்த ஆளு? வக்கீல்தானே? சொல்லும்மா, இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன்!"

ஜேன் மேஜைப் பக்கம் திரும்பினாள்.

மேஜைமேல் மிச்சம் ஒரே ஒரு கேமரா இருந்தது.

"ஏய் ஜேன்!" என்று ஏரிப் பக்கமிருந்து பர்னபாஸ் கத்தினார். "துடைச்சுக் கிழிச்சது போதும்! என் கேமராவை மூடிக் கொண்டா!"

"இதோ வரேங்க!"

சொல்லிவிட்டு அந்தக் கேமராவை மூடினாள். துண்டில் சுற்றினாள். தேவநேசன் தோளில் தொங்கிய பைக்குள் அதை வைத்து அழுத்தினாள்.

"ரிப்பேருக்கு உங்ககிட்ட குடுத்தேன்னு அவர்கிட்ட சொல்லிக்கறேன். நீங்க என்னிக்குமே ரிப்பேர் பண்ணிடாதீங்க அண்ணா" என்று பையின் வாரை இழுத்து மாட்டினாள்.