ஒரே சட்டி

"தண்ணிய வடிச்சிடாதே தம்பி! வடிச்சா மொத்த ருசியும் சாக்கடைக்குத்தான் போகும்!"

உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போன் அதட்டியது. சட்டியைத் தூக்கிச் சாய்க்கப் போன லிப்ட் மெக்கானிக் அப்படியே நின்றான்.

"நூடுல்ஸ்னா வடிக்கணும்னு பாக்கெட்ல போட்டிருக்கேண்ணே."

"பாக்கெட்காரனா வந்து சாப்பிடப் போறான்? மாட்டுக்கறி வெந்த தண்ணியிலயே நூடுல்ஸும் வெந்து, அதுலயே வத்தணும். லாரிக்காரனுக்கு ஏது ரெண்டு சட்டி? ஆக்குறதும் ஒண்ணு, கழுவுறதும் ஒண்ணு."

கழுவுவது ஒன்றுதான் என்பது மெக்கானிக்குக்குப் பிடித்திருந்தது. பகல் முழுக்க, பாதியில் நின்றுபோன ஒரு லிப்டின் கூரைமேல் குந்தியிருந்தவன். முழங்கால் இரண்டும் கழன்று விழுவதுபோல் இருந்தன. மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலில் கிரீஸ் வாடை போகவில்லை. சட்டியை மறுபடி அடுப்பில் வைத்தான்.

போனில் பேசியவர் சுண்டுவின் அப்பா. எங்கோ ஒரு கிடங்கு வாசலில், சரக்கு இறக்க வரிசையில் நின்றிருந்தார்.

"சுண்டு எங்கே?"

"கூடத்துல. வீட்டுப்பாடம் எழுதுறா. கூப்பிடட்டுமா?"

"வேணாம். என் குரலைக் கேட்டா அழுவா. அழுதா சாப்பிட மாட்டா."

எப்படியும் அவள் சாப்பிடவில்லை. இந்த வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிட்டாள். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனை மருந்தகத்தில் சாயங்கால வேலை பார்க்கும் அவள் அம்மா, "இன்னிக்கும் அவ சாப்பிடலைன்னா நாளைக்கு வேலையை விட்டுடறேன்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாள். நாயாய் அலைந்து வாங்கிய வேலை. சொன்னால் செய்கிறவள்.

"வெள்ளிக்கிழமை நான் வந்துடுவேன். சனி, ஞாயிறு என் பொறுப்பு. நடுவுல இருக்கிற நாளெல்லாம் உன் பாடு தம்பி."

"அதான் தெரியுதேண்ணே. நான் ஆக்கினா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. எங்கப்பா செஞ்சா இப்படி இருக்காதுங்கிறா."

மறுமுனையில் லாரிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் அவர்.

"சொல்லுங்கண்ணே."

"அதையும் சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட என்னடா இருக்கு?" சிரித்துப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "சரி விடு, பிள்ளை பட்டினி கிடக்குது. டீத்தூளைக் கொதிக்க வெச்சு அரை டம்ளர் எடு. பால், சர்க்கரை கூடாது. தண்ணி வத்துற நேரம் பாத்து ஊத்து."

"டீயா? கறியிலயா?"

"ஊத்துடா. கேள்வி கேட்டே, போனை வெச்சிடுவேன்."

ஊற்றினான். சட்டிக்குள் எல்லாம் பழுப்பேறிப் பளபளத்தது. வாசனை மாறியது.

"நான் சொன்னேன்னு அவ அம்மாகிட்ட மூச்சு விடாதே. ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைன்னு உன்னையும் சேர்த்துத் திட்டுவா." போன் அணைந்தது.

சுண்டு தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முள்கரண்டியால் ஒரு நூடுல்ஸைத் தூக்கித் தொங்கவிட்டாள்.

"சித்தப்பா, இது நூடுல்ஸா, லிப்ட் கயிறா?"

"லிப்ட் கயிறுதான். தின்னா சர்ருனு மேல போவே."

"நீங்க ரிப்பேர் பண்ற லிப்டெல்லாம் கீழதானே போகும்?"

அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் ஒரு வாய் வைத்தாள். மெல்லுவது நின்றது. அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கரண்டியும் கையுமாக நின்றான்.

"உப்பு கம்மி" என்றாள். குனிந்து தின்ன ஆரம்பித்தாள். தட்டை வழித்துவிட்டு, இன்னொரு தடவை நீட்டினாள்.

அவள் அம்மா வந்தபோது சுண்டு சோபாவில் தூங்கிப்போயிருந்தாள், மோவாயில் குழம்புக் கறையோடு. அம்மா செருப்பைக் கழற்றியபடி அந்தக் கறையையே பார்த்தாள்.

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு தடவை வாங்கினா."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் சட்டியில் மிச்சமிருந்ததில் கொஞ்சம் தட்டில் போட்டு வைத்தான். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மகளைப் போலவே அவளும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"யாரு சொல்லிக்கொடுத்தது?"

"யூடியூப்."

அவள் கழுவப் போட்டிருந்த டீ வடிகட்டியைப் பார்த்தாள். "யூடியூப்ல டீத்தண்ணி ஊத்தச் சொன்னாங்களா?"

அவன் துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தான். அவள் தட்டைக் காலி செய்தாள்.

"பத்து வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தினேன். கோர்ட்டுல பிரிஞ்ச அன்னிக்குக்கூட இதை எனக்குச் சொல்லித் தரலை" என்றாள், தட்டை அவனிடம் நீட்டியபடி. "நீங்க என்னைக் கட்டிக்கிட்டு ஆறு மாசம் ஆகலை, உங்களுக்குச் சொல்லிட்டாராக்கும்? சரி, இன்னும் கொஞ்சம் போடுங்க."