கயிறு யாருடையது?

ஒரு முதலாளி வீட்டுக் கொட்டகையில் ஒவ்வொரு காருக்கும் அதன் கதையை எழுதிப் பலகை மாட்டியிருந்தார்கள். சிவப்புக் காரின் பலகையில், "வெள்ளத்தைக் கடந்து மாப்பிள்ளையை முகூர்த்தத்துக்குக் கொண்டு சேர்த்தது" என்றிருந்தது. முப்பது ஆண்டு மூட்டை சுமந்து, அந்தக் கார்களையெல்லாம் வாங்கிக் கொடுத்த லாரிக்கு மட்டும் பலகை இல்லை.

"அன்று உன்னைக் கட்டி இழுத்தது என் கயிறு" என்றது லாரி.

"போடா, மூட்டைதூக்கி! ஆயுத பூசைக்கு நான் ஊர்வலம் போவேன். நீ பழைய இரும்புக்குப் போவாய்" என்றது கார்.

ஆயுத பூசையும் வந்தது. பழைய இரும்புக்காரர் லாரியை ஓட்டிக்கொண்டு போனார். கடைவீதி நடுவில், மாலை போட்ட சிவப்புக் கார் வழியை மறித்து நின்றுபோயிருந்தது. உள்ளே முதலாளியும் மனைவி வேதவல்லியும் இருந்தார்கள். லாரியிலிருந்து கயிறு இறங்கி, காரின் முன்னால் கட்டப்பட்டது.

வேதவல்லி வாய்விட்டுச் சிரித்தார். "முகூர்த்தத்துக்கும் இப்படித்தானே வந்தீங்க! மண்டபத்து ஜன்னல்ல நின்னு பாத்தேனே!"

கடைவீதியே கைதட்டியது. வேதவல்லி இறங்கி, காரின் மாலையைக் கழற்றி லாரிக்குப் போட்டார். "இரும்புக்காரரே, லாரி விற்பனைக்கு இல்ல. வீட்டுக்கே விடுங்க" என்றார்.

"என்ன துரை, கயிற்றை அவிழ்க்கட்டுமா?" என்று கேட்டது லாரி.

"வீடு வரைக்கும் இழுத்துவிடுங்க, அண்ணே" என்றது கார்.