கல் யாத்திரிகரும் ஏழாம் இடத்துச் செவ்வாயும்

“உந்தக் கல்லு மனுசனைப் பாத்தது காணும், விடுங்கோ. நான் சொல்லித் தந்ததைச் சொல்லுங்கோ பாப்பம். மலர் பிறந்தது எத்தினை மணிக்கு?”

“விடிய நாலு மணிக்கு.”

பாலாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள். “ஆறு மணி! நாலெண்டால் ஏழாம் இடத்தில செவ்வாய். அதாலதானே பதினொரு சம்பந்தம் குழம்பினது? ஆறெண்டு சாதகத்தை மாத்தி எழுதுவிச்சதும் அதுக்குத்தானே?”

1989. அன்று பெய்த மழையில் வால்தம்ஸ்டோவில் பஸ்களே நீந்தின. மாப்பிள்ளையின் தகப்பன் தியாகராஜாவை முதன்முறையாகச் சந்திக்கப் புறப்பட்டவர்கள், ஒரு மணி நேரம் முந்திவிட்டதால் வழியிலிருந்த பழைய தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்தார்கள். உள்ளே ஏதோ கண்காட்சி. கூட்டம் முழுவதும் கேக் மேசையை முற்றுகையிட்டிருக்க, மூலையில் கல்லறை மேடைமேல் கைகூப்பி மல்லாந்து கிடந்த கல் யாத்திரிகரிடம் அவள் கணவர் பாலேந்திரா மயங்கி நின்றார்.

“தொப்பியில சிப்பி இருக்குது பாரும், யாத்திரை போனதுக்கு அடையாளம். ஸ்பெயினுக்கு நடந்தே போய் வந்தவராம். எங்கட ஆக்கள் கதிர்காமம் போற மாதிரி.”

“அவர் போய் வந்து வடிவாப் படுத்திட்டார். எங்கட பிள்ளைதான் முப்பது வயசிலயும் நிக்குது. திருப்பிச் சொல்லுங்கோ, எத்தினை மணி?”

“நாலு... இல்லை, அஞ்சு.”

“ஐயோ கடவுளே!”

“மெல்லக் கதையும். ஆருக்கும் கேக்கப் போகுது.”

“கேட்டால் என்ன? வெள்ளையளுக்குத் தமிழ் விளங்குமே? இந்தக் கல்லுக்கு விளங்குமே?” பாலாம்பிகை சொன்ன இரகசியம் பல மைல் தள்ளியிருக்கும் அப்டன் பார்க் வரை கேட்டிருக்கும்.

“இஞ்சாரும், இவற்ற மூக்கு வேர்க்குது.”

“கூரை ஒழுகுது! உங்களோட மாரடிக்க என்னால ஏலாது. தியாகராஜா அண்ணை கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“ஆறு.”

“அப்பாடா!”

கூப்பிய கைகளைப் பிரித்துக்கொண்டு யாத்திரிகர் எழுந்து உட்கார்ந்தார். பாலாம்பிகை போட்ட கூச்சலில் கேக் மேசை காலியானது.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான்தான் தியாகராஜா. அசல் சிலை பழுதுபாக்கப் போயிட்டுது. இண்டைக்கு மட்டும் பாதிரியார் எனக்குச் சாம்பல் நிறம் பூசிப் படுக்க வைச்சவர்” என்றார் அவர். “மலர் நாலு மணிக்கே பிறந்திருக்கட்டும்... எங்கட பெடியனுக்கும் ஏழிலதான் செவ்வாய், நாங்களும் மாத்தித்தான் எழுதுவிச்சனாங்கள்!”