பட்டியலில் இருந்த பெயர்

சட்டசபைத் தேர்தலன்று தாலுகா கச்சேரியில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார் குமாஸ்தா தாண்டவராயன். மதியம் வந்த ஒரு பெரியவர், தன் பெயர் கோவில்தெரு வைத்திலிங்கம் பிள்ளை என்றார். மூன்று வருஷத்துக்கு முன் காலராவில் இறந்துபோன தாண்டவராயனின் அப்பா பெயர் அது. பட்டியலில் இன்னும் அடிக்காமல் இருந்தது.

முகம் முன்பின் பார்த்ததில்லை. கள்ள ஓட்டு என்று சொல்ல வாயெடுத்தார்.

"தாண்டு, சீட்டைக் கொடுடா. வீட்டுக்குப் போகணும்."

குரல் அப்பாவுடையதேதான்.

"ஆள் சரிதானா?" என்றார் தேர்தல் அதிகாரி.

"சரிதான்" என்று தாண்டவராயனின் வாய் சொல்லியது. கை சீட்டைக் கொடுத்தது.

ஓட்டுப் போட்ட பெரியவர் படியிறங்கிக் கோவில்தெருவுக்குள் திரும்பினார். தாண்டவராயன் பட்டியலைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"எங்கேய்யா போறீர்?" என்று அதிகாரி அதட்டினார்.

"வீட்டுல அம்மா தனியா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.